தேக்சாவுக்குள் ஒரு விரதம்

யாங்கோனில் யாரும் யாரையும் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை. "தமின் சா பீபீலா?" என்றுதான் கேட்பார்கள். சோறு சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். கேட்டவர் பதிலுக்கு நிற்கமாட்டார். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கூட ஓடிக்கொண்டே கேட்டுவிட்டுப் போவார். எங்கள் கீழ்வீட்டு மாஸ்டர் மட்டும் அதையே தமிழில் கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்பார்.

"ஏ மருந்துக்கடை, சாப்டியா?"

மருந்துக்கடை என்பது நான். தின்கன்ஜூன் பேட்டையில் நாங்கள் இருந்த நாலுமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தேன். தெருமுனை மருந்துக் கடையில் வேலை. கட்டடத்திலேயே மெலிந்தவள் நான்தான் என்பதால், மாஸ்டருக்கு ஜென்ம விரோதி. "சாப்பிட்டாச்சு மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு நழுவப் பார்ப்பேன். "என்ன சாப்ட?" என்று அடுத்த கேள்வி வரும். "இட்லி" என்றால், "எத்தன?" "மூணு" என்றால், என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். "ஒன்னு. அதுவும் முழுசா இல்ல" என்பார். ஒருநாளும் தப்பினதில்லை. நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். முகத்தைப் பார்த்து இட்லி எண்ணுகிறவரை அங்கேதான் கண்டேன்.

அவர் கல்யாணச் சமையல்காரர். டம்பௌக் என்று நாங்கள் சொல்லும் பிரியாணியில் கெட்டிக்காரர். தமிழர் வீட்டுக் கல்யாணம், கோயில் அன்னதானம், பர்மியர் வீட்டு மொட்டையடிப்பு விருந்து, மாதாகோயில் திருநாள், எதுவானாலும் அவர்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தமிழர்களுக்கு மாஸ்டர், பர்மியர்களுக்குச் சாயா, அதற்கும் வாத்தியார் என்றுதான் அர்த்தம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று அவரைக் கேட்டால் தெரியாது. எந்த இலையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று கேட்டால், பத்து வருடத்துக்கு முந்தையதையும் சொல்லுவார். "அந்த ரயில்வேக்காரர் மகள் கல்யாணமா? நாலாவது பந்தியில ஒரு ஆளு கத்திரிக்காய ஒதுக்கி வச்சாருமா. இன்னும் ஏன்னு தெரியல." சொல்லும்போது நிஜமாகவே முகம் வாடிவிடும்.

ஒருமுறை மின்சார மீட்டரைப் பார்த்து எழுத வந்த பையனை உட்காரவைத்து இரண்டு தட்டு போட்டு அனுப்பினார். அவன் மீட்டரைப் பார்க்காமலேயே போய்விட்டான். மறுநாள் திரும்பி வந்தான். அன்றைக்கும் சாப்பிட்டான்.

அவர் அந்த வீட்டைக் காலி செய்து, பெகூவில் இருக்கும் தங்கை வீட்டோடு போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் நான் படியிறங்கும்போது ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் இறங்குகிறேன்.

இத்தனை பேரைக் கேட்ட மனிதர், ஒரே ஒருத்தனை மட்டும் வெகுகாலம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அது அவருடைய மகன்.

ஒரே பிள்ளை. தாய் இல்லை, அவன் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே தவறிவிட்டாள். மகன் கரண்டியைப் பிடிக்கவேண்டும் என்று மாஸ்டருக்கு ஆசை. வெங்காய வாடை வேண்டாம் என்று மகனுக்குப் பிடிவாதம். அந்த வருடம் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருமே எங்கேயாவது போய்க்கொண்டிருந்தார்கள். இவன் பினாங்குக்கு, போன் ரிப்பேர் கடை வேலைக்குக் கிளம்பினான். கிளம்புகிற அன்று மாஸ்டர் விடியலிலிருந்து அடுப்படியில் நின்று ஐந்து வகை சமைத்து, தட்டில் பரிமாறிவைத்தார். அவன் உட்காரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "ஆமையப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னான். டாக்ஸி போய்விட்டது. தட்டு அப்படியே இருந்தது. அன்று மாலை வரை மாஸ்டர் அதை எடுக்கவும் இல்லை, மூடவும் இல்லை. படியேறும்போது நானே பார்த்தேன். அன்றைக்கும் என்னை "சாப்டியா?" என்று கேட்டார். அன்றைக்கு மட்டும் நான் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அந்தத் தட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. கொடுக்கவில்லை. எனக்கு வேறு தட்டு போட்டார்.

ஆமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட சாதி. கண்ணாடித் தொட்டியில் வளர்க்க, காசு அளவில் குட்டியாக விற்பார்களே, அது. மகன் பள்ளிக்கூட நாளில் வாங்கியது. இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்திருந்தது. கண்ணாடித் தொட்டி போதாமல் போனதும், அடி நெளிந்து பிரியாணிக்கு ஆகாமல்போன தேக்சா ஒன்றில் தண்ணீர் விட்டு, நடுவில் இரண்டு செங்கல் அடுக்கி, கொல்லைப்புறத்தில் வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் தேக்சாவை எட்டிப் பார்த்துவிட்டு, "எப்ப அடுப்புல ஏத்தப்போறீங்க?" என்று தவறாமல் கேட்பார்கள். மாஸ்டர் தவறாமல் கோபப்படுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகன் வீடியோவில் கூப்பிடுவான். மாஸ்டர் குளித்து, நல்ல லோன்ஜி கட்டி, போனைத் தேக்சாவுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். மகன் ஆமையோடு பேசுவான். ஆமையின் முதுகு தெரியும், மகன் முகம் தெரியும், மாஸ்டரின் கட்டைவிரல் பாதி தெரியும். மூன்று நிமிடம். "சரி, வைக்கிறேன்." அவ்வளவுதான். மாஸ்டர் வாயைத் திறந்து மூடுவார். ஊரையெல்லாம் கேட்கிற அந்த ஒரு சொல் தொண்டை வரை வந்து நிற்பது எனக்கே தெரியும். அந்தத் தட்டுக்குப் பிறகு அதைக் கேட்கிற துணிச்சல் அவருக்கு இல்லை. ஆமை இருக்கிறவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு. ஆமை போனால் ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. இது அவருக்குத் தெரியும், கட்டடத்துக்கே தெரியும்.

அப்படிப்பட்ட ஆமை டிசம்பரில் சாப்பாட்டை நிறுத்திவிட்டது.

எங்கள் ஊர்க் குளிர் எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். விடியலில் கொஞ்சம் பனி இறங்கும். நாங்கள் ஸ்வெட்டர், குல்லாய், காலுறை என்று பனிமலைக்குப் போகிறவர்கள் மாதிரி புறப்படுவோம். மாஸ்டர் குரங்குக் குல்லாயைப் போட்டால் மார்ச் வரை கழற்றமாட்டார். அந்தக் குளிரே ஆமைக்குப் போதும் போலிருக்கிறது. செங்கல்லுக்கு அடியில் போய், தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. வெயில் உறைக்கிற நேரத்தில் மேலே வந்து ஒரு மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போய்விடும். கீரையைப் போட்டால் கீரை மிதந்தது. மீன் துண்டைப் போட்டால் காக்கை எடுத்துப் போனது.

நாலாம் நாள் மாஸ்டர் என் கடைக்கு வந்தார். என்னுடைய முதலாளி கல்லாவில் இருந்தார், அவரிடமே கேட்டார்.

"பசி எடுக்கிற டானிக் ஒன்னு குடுங்க."

"யாருக்கு? என்ன வயசு?"

"ஒம்போது."

"எடை எவ்வளவு இருக்கும்?"

"முக்கா வீசை."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஒம்போது வயசுப் பிள்ளை முக்கா வீசையா? உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்கய்யா!"

"அதான் தூங்கிக்கிட்டே இருக்குது" என்றார் மாஸ்டர், பரிதாபமாக. நான் இடையில் புகுந்து, பிள்ளைக்கு ஓடு உண்டு என்று விளக்கவேண்டியதாயிற்று.

மாஸ்டருக்குச் சமாதானம் ஆகவில்லை. சாப்பிடாத உயிர் ஒன்று தன் கூரைக்குக் கீழே இருப்பதை அவரால் பொறுக்கமுடியவில்லை. கண்ணேறு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டார். இறாலை வேகவைத்து வாய்க்கு நேரே நீட்டினார். வாய் திறக்கவில்லை. கடைசியில் குளிர்தான் காரணம் என்று கண்டுபிடித்து, தேக்சாவுக்கு மேலே நூறு வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் பல்பு எரிய மீ வேண்டுமே. மீ என்றால் மின்சாரம். அப்போதெல்லாம் எங்கள் பேட்டையில் நாலு மணி நேரம் இருக்கும், எட்டு மணி நேரம் இருக்காது. மனிதர்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள். ஒரே நாளில் நாலு மணி நேரம் கோடையும் எட்டு மணி நேரம் பனியும் மாறிமாறி வந்தால் ஆமை என்ன செய்யும்?

கோடை வந்த நேரத்தில் அது கண்ணைத் திறந்தது. கழுத்தை நீட்டியது. மாஸ்டர் இறாலை நீட்டினார், கவ்வியது. "ஏ மருந்துக்கடை! தின்னுருச்சு! வந்து பாரு!" என்று மூன்றாம் மாடிக்குக் கேட்கக் கத்தினார். நான் இறங்கி வருவதற்குள் ஐந்து இறால் போயிருந்தது. பந்தியில் உட்கார்ந்தவர் போதும் என்று சொல்லும்வரை பரிமாறுவது அவர் தொழில்தர்மம்; ஆமைக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. ஆறாவதைப் போட்டார். மீ போய்விட்டது.

இரண்டு நாளில் ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

கூடையில் துண்டு விரித்து, டாக்ஸி பிடித்து, நாய் பூனை பார்க்கிற பர்மிய டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, கடைசியில் மாஸ்டரைப் பார்த்தார். குளிரில் ஆமையின் உடம்பே அடங்கிவிடும், மூச்சுக்கூடக் கொஞ்சம் போதும், இரைப்பையும் வேலை செய்யாது என்றார். வயிறு காலியாக இருந்தால் ஒரு கேடும் இல்லை. தின்றது உள்ளே கிடந்தால் செரிக்காது, அழுகும். "பட்டினி இதைக் கொல்லாது சாயா. உங்கள் இறால்தான் கொல்லும்."

வாழ்நாளில் அவரை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. டாக்ஸியில் வரும்போது கூடையை மடியில் வைத்து, குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். சாலை முனை வந்ததும், "செத்துப்போச்சுன்னா அவன்கிட்ட என்னமா சொல்லுவேன்?" என்றார். எனக்கு அப்போது கேலி வரவில்லை.

உள்ளே இருப்பது செரிக்கும்வரை தண்ணீர் இடைவிடாமல் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும், பிறகு மெல்ல மெல்ல ஆறவிட்டுச் சும்மா விட்டுவிடவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இடைவிடாமல் என்றால் மீயை நம்பமுடியாது. மாஸ்டர் பல்பை அவிழ்த்து எறிந்துவிட்டு, தனக்குத் தெரிந்த வித்தைக்குப் போனார். கரி அடுப்பு. தேக்சாவைச் செங்கல் மேல் தூக்கிவைத்து, இரண்டடி தள்ளி நாலு பக்கமும் தணலைப் பரப்பி, பிரியாணிக்குத் தம் போடுகிற கணக்கில் ஒன்பது நாள் காத்தார். மணிக்கொரு தரம் விரலை விட்டுப் பார்ப்பார். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீருக்கு வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். "என் வெரலுக்கு மேல உன் குச்சியா?" என்று துரத்திவிட்டார். அவர் டீ குடிக்கப் போன சமயத்தில் காலையும் மாலையும் திருட்டுத்தனமாக விட்டுப் பார்த்தேன். ஒரு கோடு ஏறவில்லை, இறங்கவில்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

நாலாம் மாடிப் பர்மிய அம்மாதான் பாவம். ஜன்னலிலிருந்து பார்த்தவருக்குத் தேக்சா தெரிந்தது, சுற்றிலும் தணல் தெரிந்தது, உள்ளே ஆமை தெரிந்தது. ஜெபமாலையோடு மூச்சிரைக்க இறங்கி வந்து, இந்தப் பாவம் ஏழு பிறவிக்கும் விடாது, ஆமையைக் குளத்தில் விட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ளுங்கள், விலை என்னவோ நான் தருகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர், "இதுக்கு வயிறு சரியில்லம்மா" என்று விளக்கினார். அந்த அம்மா இன்னும் பயந்துபோனார்.

ஒன்பதாம் நாள் காலை தண்ணீர் கலங்கியிருந்தது. ஆமை நேராக மிதந்தது. என்ன நடந்தது என்பதை மாஸ்டர் வாசலில் நின்று கட்டடம் முழுவதற்கும் அறிவித்தார். நாகரிகம் கருதி நான் அதை இங்கே எழுதவில்லை. மூன்று நாளில் தணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஆமை பழையபடி செங்கல்லுக்கு அடியில் போய் அடங்கிவிட்டது. இனி சும்மா இருக்கவேண்டும். ஒன்பது நாள் தணல் காத்தவருக்கு அதுதான் முடியவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தேக்சாவையே பார்த்துக்கொண்டிருப்பார். போனில் ஆமைகளைப் பற்றிப் படித்ததை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சில சாதி ஆமைகள் தண்ணீருக்கு அடியில் பின்பக்கத்தாலும் மூச்சு வாங்குமாம் என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அத அவன்கிட்ட சொல்லிடாத" என்றார். ஏனென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மகனிடம் இதில் எதையுமே சொல்லியிருக்கவில்லை. "நெட் சரியில்ல" என்று இரண்டு ஞாயிறு தள்ளினார். மூன்றாவது ஞாயிறு தள்ளமுடியவில்லை. காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "நீ போன புடி, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். கையில் நீளக் காம்புள்ள கரண்டி. எனக்கு விளங்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

நான் போனைத் தேக்சாவுக்கு மேலே பிடித்தேன். படத்துக்கு வெளியே நின்றுகொண்டு, மாஸ்டர் கரண்டியால் தண்ணீரைச் சுழற்றினார். ஆமை கிளம்பியது. தேக்சாவைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் வந்தது. இரண்டாவது வட்டமும் வந்தது.

"அப்பா" என்றான் மகன்.

"என்னப்பா, பாத்தியா, எப்படி நீந்துது?"

"ஏம்பா அது பின்னாடியே போவுது?"

கரண்டி நின்றது. ஆமை செங்கல்லில் முட்டி நின்றது. பிறகு அவன் சிரித்தான். ஊரைவிட்டுப் போன பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் சிரிக்கவில்லை. பல்பு, இறால், டாக்டரம்மா, தணல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அது ஒவ்வொரு வருசமும் அப்படித்தாம்பா" என்றான் மகன். "டிசம்பர்ல நிறுத்தும், வெயில் வந்தா தின்னும். நான் சின்னப் பிள்ளையிலேர்ந்தே பாக்குறேன்."

"எனக்குத் தெரியலயேப்பா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பதான கல்யாண சீசன். நீங்க வீட்லயே இருக்கமாட்டீங்க. நானும் அதுவுந்தான் இருப்போம். அதுவும் தின்னாது. நானும் ரொட்டி தின்னுட்டுப் படுத்துருவேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. தகவல் சொல்கிற குரல்தான். அதனால்தான் இன்னும் சுட்டது. போனைப் பிடித்திருந்த என் கை வலித்தது, இறக்கத் தோன்றவில்லை. நாலாவது பந்தியில் யாரோ ஒதுக்கிய கத்திரிக்காயை நினைவில் வைத்திருந்த மனிதர், கரண்டியோடு கொல்லையில் நின்றார்.

அந்த சீசனில் மேற்கொண்டு வந்த மூன்று கல்யாணத்தை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முதுகுவலி என்றார். ஊரே நம்பியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று நிமிடம் பத்து நிமிடமாயிற்று. ஆமை இருந்த இடத்திலேயே இருந்ததால், அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவேண்டியதாயிற்று. அப்போதும் அந்த ஒன்றை அவர் கேட்கவில்லை. கடைத்தெரு, மழை, போன் விலை என்று எதையெதையோ கேட்பார்.

மார்ச் பிறந்து, வெயில் கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் இறங்கியது. ஒரு ஞாயிறு காலை ஆமை செங்கல் மேல் ஏறி, நாலு காலையும் பரப்பி, கழுத்தை ஒரு சாண் நீட்டி, மாஸ்டரைப் பார்த்தது. அவர் கையில் தண்ணீர்க்கீரை இருந்தது. போடவில்லை. பசித்த ஒரு வாயை அவர் காக்கவைத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"போடுங்க மாஸ்டர், பாவம்" என்றேன்.

"பத்து மணிக்கு இன்னும் இருவது நிமிசம் இருக்கு. அவன் பாக்கட்டும்."

மணி அடித்தது. போன் என் கையில். மாஸ்டர் ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார். ஆமை ஒருமுறை முகர்ந்து, ஒருமுறை யோசித்து, கறுக்கென்று கடித்தது. அந்தப் பக்கம் மகன் கை தட்டினான். மாஸ்டர் இரண்டாவது தண்டைப் போட்டார். தேக்சாவைப் பார்த்துக்கொண்டே, ஆமையிடம் கேட்பதுபோல, தணிந்த குரலில் கேட்டார்.

"நீ சாப்டியாப்பா?"

பதிலுக்கு நின்றார்.

மகன் போனைத் திருப்பினான். மேஜை மேல் ஒரு தட்டு. சோறு, ஓரத்தில் மீன் குழம்பு. பாதி சாப்பிட்டிருந்தது. மாஸ்டர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"யாரு வச்சது?"

"நாந்தான்."

வெங்காய வாடை வேண்டாம் என்று போனவன். மாஸ்டர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். ஆனாலும் தொழில் தொழில்தான். "எண்ண பிரியறதுக்கு முன்னாடியே எறக்கிட்ட."

"பசிச்சுதுப்பா."

"பசிச்சா சரி" என்றார் மாஸ்டர். "சாப்பிடு. நான் வச்சுட்டுப் போயிரமாட்டேன், சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, போனை மடியில் நிறுத்திவைத்து, கடைசிப் பருக்கை வரை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆமை கீரையைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் மெல்ல நழுவிப் படிக்கட்டுக்கு வந்தேன். முதல் படியில் வழக்கம்போல நின்றேன், கேள்வி வரும் என்று. வரவில்லை. அத்தனை வருடத்தில் அவர் என்னைக் கேட்க மறந்தது அன்று ஒருநாள்தான். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. எனக்கு நல்ல பசி.